விளிம்பு முதலா, அருவி முதலா? ஹோர்டன் சமவெளிச் சுற்றுப்பாதையின் இரு திசைகள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே விரிந்து கிடக்கும் ஹோர்டன் சமவெளியில், பெரும்பாலானோர் நடக்கும் பாதை ஒரு வளையம். ஃபார் இன் என்னும் பழைய விடுதிக் கட்டடத்தருகே தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு என்னும் இரு பாறை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றையும் தொட்டுவிட்டு, தொடங்கிய இடத்துக்கே அது திரும்பி வருகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர், நின்று பார்த்து நடப்பவருக்கு மூன்று மணி நேரம், குழந்தைகளோடு வருவோருக்கு நான்கு. மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. ஆனால், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தக் கையைப் பிடிப்பது என்ற கேள்விக்கு, நுவரெலியாவில் யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: உலக முடிவின் விளிம்பை முதலில் பாருங்கள், அருவி எங்கும் ஓடிவிடாது. இந்த விடை பாதி சரியானது.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். உலக முடிவு என்பது ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் பாறை முகம். அதன் கீழே தாழ்நிலம் இருக்கிறது. காலை வெயிலில் தாழ்நிலம் சூடேறியதும், ஈரம் நிறைந்த காற்று அப்பாறை முகத்தை ஒட்டி மேலெழுந்து, மேலே வரவரக் குளிர்ந்து, சரியாக விளிம்பில் பனிமூட்டமாக மாறுகிறது. ஒன்பது, ஒன்பதரை மணிக்குப் பின் அங்கே போய்ச் சேர்பவர் பல நாட்களில் காண்பது ஒரு வெள்ளைச் சுவரை மட்டுமே. பிரிவிலிருந்து அல்ல, தொடக்கத்திலிருந்தே கணக்கிட்டால் விளிம்புக்கு 4 கிலோமீற்றர். ஆறு மணிக்கு வாயில் திறந்தவுடன் நுழைந்து, ஆறரைக்கு நடக்கத் தொடங்குபவர் எட்டு மணிக்குள் விளிம்பில் நிற்கலாம். அந்த நேரத்தில் கீழே தேயிலைத் தோட்டமும், தீப்பெட்டி அளவில் அதன் வீடுகளும், தெளிந்த நாளில் தெற்கே கடலின் கோடும் தெரியும். இந்த வரிசையில் அருவி மூன்றாவதாக, விளிம்பிலிருந்து 2 கிலோமீற்றரில் வருகிறது. அதன் பின் ஃபார் இன் வரை இன்னும் 3.5 கிலோமீற்றர்.

இப்போது மற்றப் பாதி. அதிகாலையில் வருகிற அனைவரும் அதே அறிவுரையைக் கேட்டு வந்தவர்களாகையால், எட்டு மணி விளிம்பில் தோளோடு தோள் உரசாமல் நிற்பது விடுமுறை நாட்களில் நடவாத காரியம். அதே கூட்டம், அதே ஒழுங்கில், ஒன்பதரை மணியளவில் அருவிக்கும் வந்து சேர்கிறது. அருவியைக் காண பாதையிலிருந்து ஈரப்படிகளில் செங்குத்தாக இறங்கி, மீண்டும் ஏறவேண்டும். இந்தச் சுற்றில் முழங்கால் உணரக்கூடிய இடம் அது ஒன்றுதான். விளிம்பை முதலில் பார்ப்பவர் அந்தப் படிகளை ஆறு கிலோமீற்றர் நடந்த கால்களோடு இறங்குகிறார், ஏறியபின் தலைக்கு மேல் வெயிலோடு திறந்த புல்வெளியில் நடந்து திரும்புகிறார். குளிர்ந்த காற்று ஏமாற்றிவிடுவதால் இந்த உயரத்தின் வெயில் எவ்வளவு சுடுகிறது என்பது மாலையில் கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரியும்.

அருவியை முதலில் வைத்தால் இவை எல்லாம் தலைகீழாகின்றன. புல்நுனிகளில் பனி காயாத நேரத்தில் (சனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியல்களில் அது உறைபனியாகவே இருக்கும்) 3.5 கிலோமீற்றர் நடந்து, ஆளரவம் இல்லாத அருவியின் முன் நிற்கலாம். பேக்கர் நீர்வீழ்ச்சி உயரத்தால் பெயர் பெற்றதல்ல, 20 மீற்றர்தான். பெலிஹுல் ஓயா என்னும் ஆற்றின் நீர் கறுத்த பாறைகளின் மேல் விசிறிபோல் விரிந்து விழுகிறது. சுற்றிலும் மரப் பன்னங்களும், பருவத்தில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப் பூமரங்களும். பார்வையிடம் அருவிக்கு மிக அருகே இருப்பதால் மூட்டம் வந்தாலும் அதனை முழுதாக மறைத்துவிட முடியாது. மூட்டத்தில் அது இன்னும் அழகு என்பது என் கட்சி. குளிக்கத் தடை இருக்கிறது, அதை மதிக்கவேண்டும். வழுக்குப் பாறைக்குக் கீழே நீர் ஆழமானது, குளிரும் கடுமையானது.

அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த வேட்டைக்காரர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய், 1864இல் அல்பேர்ட் ஏரியை அடைந்தவர். இன்று இச்சமவெளியில் யானைகள் இல்லை. மரைகள் மிஞ்சியிருக்கின்றன. தமிழகத்தில் கடமான் அல்லது மிளா என்று சொல்லப்படும் அதே விலங்கைத்தான் நாங்கள் மரை என்கிறோம். காலையில் எந்தத் திசையில் போனாலும், வாகனத் தரிப்பிடத்தருகிலேயே அதனைக் காணலாம்.

ஆற்றையே பொருளாகக் கொண்டு நடப்பவருக்கு அருவி முதல் வரிசையில் இன்னொரு நயம் உண்டு. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் நீர் தரும் மேட்டுநிலம் இது. பெலிஹுல் ஓயா வளவையோடு சேர்வது. பஞ்சுபோல் நீரைத் தாங்கும் கரிய மண், ஓடைக்கரையில் குட்டை மூங்கில், பின்பு அருவி, அதன்பின் முகிற்காடு, கடைசியில் நிலம் திடீரென முடியும் விளிம்பு என்று நடக்கும்போது, இந்த நீர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தாழ்நிலத்துக்குப் போய்விடுகிறது என்பது காலுக்கே புரிந்துவிடும். எதிர்த்திசையில் இந்தத் தொடர்ச்சி கிடைப்பதில்லை. விளிம்பின் வியப்பு முடிந்தபின் மற்றதெல்லாம் திரும்பும் வழியாகிவிடுகிறது.

ஆகவே கடிகாரத்தைக் கொண்டே தீர்மானிப்பது நல்லது. ஏழு மணிக்குமுன் நடக்கத் தொடங்க முடிந்தவர், அதுவும் முதன்முறை வருபவர், விளிம்பை முதலில் பார்க்கட்டும். நுவரெலியாவிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து வளைந்து வந்து, எட்டரைக்குப் பின் நுழைபவர் விளிம்பை நோக்கி ஓடுவதில் பொருளில்லை; ஒன்றரை மணி நேரம் மூச்சிரைக்க நடந்து வெள்ளைச் சுவரைப் பார்ப்பதைவிட, அருவியை நிதானமாகப் பார்த்துவிட்டு விளிம்புக்குப் போய்க் காத்திருப்பது மேல். மூட்டம் சில வேளைகளில் ஐந்து நிமிடம் விலகும், பிறகு மூடிக்கொள்ளும்.

விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவோரும் உண்டு. அது 8 கிலோமீற்றர். மிச்சப்படுவது ஒன்றரைக் கிலோமீற்றர்தான், அதற்காக அருவியை இழப்பது எனக்கு விளங்காத கணக்கு. அருவிக்கு மட்டும் போய் வந்தால் 7 கிலோமீற்றர். வயதானவர்களோடு, மழைநாளில் வருவோருக்கு இதையே சொல்வேன், படிகளில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

எத்திசையானாலும் உணவைத் தாளில் சுற்றி எடுத்து வருவதே வசதி. நுழைவாயிலில் பைகளைச் சோதித்து பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூட உரித்துவிடுவார்கள். எரிச்சலாக இருக்கும். தரிப்பிடத்தில் நிற்கும் மரைகள், மனிதர் கையிலிருப்பதை உறையோடு விழுங்கப் பழகியவை.