ஒற்றை ஷாஃப்ட்டுக்கு ஒரு லேத் பட்டறை: கணபதியில் செய்து வாங்கிய வேலை

பொள்ளாச்சிப் பக்கம் நாங்கள் நடத்தும் சிறிய எண்ணெய் ஆலையில், கொப்பரை வெட்டும் இயந்திரத்தின் ஷாஃப்ட் (சுழல் தண்டு) சென்ற மாதம் பேரிங் அமரும் இடத்தை ஒட்டி முறிந்தது. பழைய இயந்திரம் என்பதால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. கோவையில், கணினி நிரலில் ஓடும் சிஎன்சி இயந்திரங்கள் உள்ள இரண்டு பட்டறைகளில் விசாரித்தபோது, ஒரே ஒரு ஷாஃப்ட்டுக்காக நிரல் எழுதி, டூல்களை அமைத்துக்கொண்டிருக்க முடியாது, குறைந்தது ஐம்பது ஷாஃப்ட்டாவது வேண்டும் என்றார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. கடைசியில் கோவையின் கணபதிப் பகுதியில், சாதாரண லேத்துகளை (கடைசல் இயந்திரங்களை) வைத்து ஜாப் வொர்க் செய்யும் பட்டறை ஒன்றில் வேலையை ஒப்படைத்தேன். ஒரு குறையையும் எழுதப்போகிறேன் என்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

தகரக் கூரைக்குக் கீழ் இரண்டு லேத்துகள், ஒரு ஷேப்பர், ஒரு வெர்டிகல் மில்லிங், ஒரு சிறிய சர்ஃபேஸ் கிரைண்டர், இவ்வளவுதான் பட்டறை. சிலிண்டரிக்கல் கிரைண்டிங்குக்குப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். லேத்தின் படுகை பளபளப்பாக எண்ணெய் பூசியிருந்தது. தரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் வரைபடம் எதுவும் கொண்டுபோகவில்லை, முறிந்த இரண்டு துண்டுகளை மட்டுமே கொண்டுபோனேன். லேத் ஓட்டும் டர்னர் அளவு எடுப்பதற்கு முன் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்திலிருந்து உள்நோக்கி அலை அலையாக மெல்லிய வரிகள் பரவியிருக்க, ஒரு மூலையில் மட்டும் சொரசொரப்பான திட்டு இருந்தது. ஒரே அடியில் ஒடிந்தது அல்ல, நாள்கணக்கில் விரிசல் ஊர்ந்து, மிச்சமிருந்த சிறு பகுதி தாங்காமல் விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். காரணத்தையும் அவரே காட்டினார்: 42 மில்லிமீட்டர் விட்டம் 35 ஆகக் குறையும் படியில், பழைய ஷாஃப்ட்டில் உள்மூலை கத்தி வைத்ததுபோல் கூர்மையாக வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் போடுவது 6307 பேரிங். அதன் உள்வளையத்தின் விளிம்பு சுமார் 1.5 மில்லிமீட்டர் மழுக்கப்பட்டிருக்கும். மூலை வளைவு அதைவிடப் பெரிதானால் பேரிங் படியில் போய் உட்காராது. வளைவே இல்லாவிட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். அவர் டூலின் முனையைச் சாணையில் 1 மில்லிமீட்டர் ரேடியஸுக்குப் பிடித்துக்கொண்டார். நான் கேட்காமலேயே செய்த இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தப் பட்டறையை இன்னொருவருக்குச் சொல்லலாம்.

45 மில்லிமீட்டர் இஎன்8 ராடு வாங்கினோம். சுமார் 0.4 சதவீதம் கார்பன் உள்ள இந்த எஃகு, இத்தகைய ஷாஃப்ட்டுகளுக்கு வழக்கமானது. எடையில் ஏமாறாமலிருக்க ஒரு பழைய கணக்கு உண்டு: மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 45க்கு 12.5 கிலோ, எங்களுக்குத் தேவைப்பட்ட 70 சென்டிமீட்டருக்கு எட்டே முக்கால் கிலோ. ரசீதும் அதையே சொன்னது.

கடைசல் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதித்தார்கள். இரு முனைகளிலும் சென்டர் துளை போட்டு, சக்கில் (லேத்தின் பிடிவாயில்) கவ்வாமல், சேர்த்துச் சுற்றவைக்கும் கேரியரை மாட்டி இரண்டு சென்டர்களுக்கு (கூர்முனைகளுக்கு) இடையில் ஷாஃப்ட்டை ஓடவிட்டார்கள். மூன்று தாடை சக்கில் ஒரு பக்கத்தைக் கடைந்து, திருப்பிக் கவ்வி மறுபக்கத்தைக் கடைந்தால் இரண்டு பேரிங் இடங்களும் ஒரே அச்சில் அமையும் என்று நம்ப முடியாது. சென்டர் துளைகளை ஆதாரமாக வைத்தால் எத்தனை முறை திருப்பி மாட்டினாலும் அச்சு மாறுவதில்லை. நிமிடத்துக்கு 450 சுற்று, கார்பைடு டிப் டூல். மேற்பரப்பு வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 64 மீட்டர். பால்போல் வெளுத்த கூலண்ட் ஒழுக, சுருள் நீலம் பாரித்து உடைந்து உடைந்து விழுந்தது. கிரைண்டிங்குக்கென விட்டத்தில் 0.3 மில்லிமீட்டர் விட்டுவைத்தார்கள்.

கிரைண்டிங் முடிந்து வந்ததும் மைக்ரோமீட்டரை எடுக்கப் போனேன். டர்னர் தடுத்தார்: “சூட்டுல அளந்தா பொய் சொல்லுமுங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.” அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மில்லிமீட்டர் எஃகு 30 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.012 மில்லிமீட்டர் விரியும். பேரிங் இடத்துக்கு நாங்கள் கேட்டிருந்த, பேரிங் லேசாக இறுகி உட்காரும் கே6 பொருத்தத்தில் விட்டத்துக்கு அனுமதிக்கப்படும் வரம்பே 35.002 முதல் 35.018 வரைதான். டீக்குப் பிறகு இரு இடங்களும் 35.01இல் நின்றன. டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது முள் ஒரு கோட்டைத் தாண்டவில்லை.

குறை, கீவேயில்: ஷாஃப்ட்டும் புல்லியும் சேர்ந்து சுற்றுவதற்காகச் செருகும் கீ என்ற சிறு கட்டை அமரும் நீள்பள்ளம் அது. புல்லி அமரும் 32 மில்லிமீட்டர் பகுதியில் 10 மில்லிமீட்டர் அகலக் கீவே வேண்டும். டர்னர் இல்லாத நேரத்தில் இளம் பையன் ஒருவர், 10 மில்லிமீட்டர் எண்ட் மில் கட்டரை நேரடியாக முழு அகலத்துக்கு ஓட்டிவிட்டார். கட்டரைப் பிடிக்கும் காலெட் தேய்ந்திருந்ததால் கட்டர் அலம்பி, பள்ளம் 10.12 ஆக அகன்றுவிட்டது. கீயை வைத்தால் விரலாலேயே அசைக்க முடிந்தது. 8 மில்லிமீட்டர் கட்டரில் நடுவில் இறங்கி, பிறகு இரு பக்கச் சுவர்களையும் தனித்தனியாகச் சீவியிருந்தால் இது நேர்ந்திருக்காது. இதைவிட எனக்கு வருத்தம் தந்தது, யாரும் அளந்து பார்க்காமல் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததுதான். நான் அங்கேயே கீயைப் போட்டுப் பார்த்ததால் தெரிந்தது. கீவேயின் ஓரங்களில் பிசிறும் எடுக்கப்படவில்லை, கை கீறியது.

உரிமையாளர் மழுப்பவில்லை. கீழ்ப்பகுதி பள்ளத்தின் அகலத்துக்கும், மேல்பகுதி புல்லியின் 10 மில்லிமீட்டருக்கும் பொருந்தும்படி படி வைத்த கீ ஒன்றைச் செய்து, சர்ஃபேஸ் கிரைண்டரில் பிடித்து, கூலி வாங்காமல் கொடுத்தார். இரண்டு நாள் ஆலை கூடுதலாக நின்றது. படிக் கீ ஒரு சமாளிப்புதான். அதன் படியில் பழைய ஷாஃப்ட்டில் இருந்த அதே கூர்மூலைச் சங்கடம் இருக்கிறது. மூன்று வாரமாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது, பேரிங்கும் கை தாங்கும் சூட்டுக்கு மேல் போகவில்லை.

பொருள், கடைசல், கிரைண்டிங் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. கேட்டால்தான் பில் தருகிறார்கள். சொன்ன நாளைவிட ஒரு நாள் கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் இல்லாவிட்டால் அளவுகளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.

கையிருப்புக்காக இரண்டாவது ஷாஃப்ட்டையும் அங்கேயே கொடுத்திருக்கிறேன். இம்முறை தாளில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: கீவேயை டர்னரே வெட்ட வேண்டும், வெட்டியதும் கீயைப் போட்டுக் காட்ட வேண்டும். டர்னர் படித்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் போனபோது மில்லிங்கில் புதிய காலெட் மாட்டியிருந்தது.