குருவுக்கு டைனர் வாசித்த இரண்டு ஆல்பங்கள்: எது என்னிடம் தங்கியது

ஜாஸ் பியானோ கலைஞர் மெக்காய் டைனர் தன் குருவான சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நினைவாக வாசித்த ஆல்பங்களில் இரண்டு என்னிடம் இருந்தன. அலமாரியில் இடம் இல்லை. ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

ஒன்று 'எக்கோஸ் ஆஃப் எ ஃபிரெண்ட்', 1972 நவம்பரில் டோக்கியோவில் பதிவான தனிப் பியானோ. மற்றது 1997 செப்டம்பர் 23 அன்று, கோல்ட்ரேனின் பிறந்தநாளில், நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் ரசிகர்கள் முன்னால் வாசித்தது. பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஜார்ஜ் ம்ராஸ், டிரம்ஸ் அல் ஃபாஸ்டர். 1961இல் கோல்ட்ரேனோடு டைனர் வாசித்த அதே நிலவறை கிளப்.

பாட்டுத் தேர்வு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 'மை ஃபேவரிட் திங்ஸ்' வேண்டுமென்றால் டோக்கியோ, 'கிரெசன்ட்' வேண்டுமென்றால் வேன்கார்ட்.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது இரண்டிலும் இருக்கும் 'நைமா'தான். கோல்ட்ரேன் தன் முதல் மனைவி பெயரில் அமைத்த மெட்டு. மேலே ஸ்வரக்கூட்டுகள் (கார்டுகள்) மாறிக்கொண்டே போகும். அடியில் பாஸ் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஏறக்குறைய தம்பூரா மாதிரி. (1960இல் வந்த கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தின் 'நைமா'வில் பியானோ டைனர் இல்லை, விண்டன் கெல்லி. பலர் குழப்பிக்கொள்வார்கள்.)

தனியாக வாசித்தால் அந்தச் சுருதியையும் டைனரே சுமக்க வேண்டும். இடது கை கீழே போய்க் கனமாக ஒரு அடி. பெடலை மிதித்தபடி, அது ஒலிக்கும்போதே கை மேலே ஏறி ஸ்வரக்கூட்டைப் பிடிக்கிறது. ஒலி தேய்வதற்குள் மறுபடி கீழே. பிரமிப்புதான். ஆனால் மூன்றாம் நாள், நான் மெட்டை விட்டுவிட்டு அந்தக் கை படும் சிரமத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூவர் வாசிப்பில் அந்தப் பாரம் ம்ராஸிடம் போய்விடுகிறது. டைனரின் இடது கை அங்கேயும் சும்மா இருப்பதில்லை. ஆனால் அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1960 முதல் 1965 வரை கோல்ட்ரேன் குழுவில் அவர் கற்றதும் இப்படித்தானே, பக்கத்தில் ஒருவர் தாங்க, இன்னொருவர் சீண்ட? குருவின் மெட்டு டோக்கியோவில் இருக்கிறது. அவரோடு வாசித்த பழக்கம் வேன்கார்டில்தான் கேட்கிறது.

சரி, நான் பியானோ வாசிப்பவன் இல்லை. இரண்டையும் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டவன். நல்ல ஸ்பீக்கரில் அந்தக் கனத்த அடி வேறு கதையாக இருக்கலாம். 'தி டிஸ்கவரி' என்று டைனரின் சொந்தப் படைப்பு ஒன்று டோக்கியோ ஆல்பத்தில் நீளமாக வருகிறது. அதை இழப்பதில் வருத்தம்தான்.

நண்பர் பியானோ படிக்கிறார். டோக்கியோவை அவரிடம் கொடுத்துவிட்டேன். 'தி டிஸ்கவரி' கேட்கத் தோன்றினால் கடன் வாங்கிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறேன்.