மடங்கும் ரிங் மாட்டி 14 மாதம்: விசில் ஊதுகிறவனின் அனுபவம்

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர் கிளப் கூடைப்பந்து மைதானத்தில் போன வருடம் ஸ்பிரிங் வைத்த, ஆள் தொங்கினால் கீழே மடங்கும் ரிங் ஒரு ஜோடி வாங்கி மாட்டினோம். 19,000 ரூபாய், மாட்டுக்கூலி தனி. வார நாட்களில் எனக்கு வங்கி வேலை. சனி, ஞாயிறு கூடைப்பந்து ரெஃப்ரி. இருபது வருடமாக விசில் ஊதுகிறேன். ஆட்டக்காரர்கள் இந்த ரிங்கில் டங்க் அடிக்க, அதாவது எம்பிக் குதித்துப் பந்தை மேலிருந்து ரிங்குக்குள் திணிக்க, எப்படி இருக்கிறது என்று எழுதுவார்கள். நான் ஆள் மேலே தொங்கும்போது கீழே நின்று தீர்ப்பு சொல்கிறவன். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

பழசு அசையாத ரிங். பையன் டங்க் அடித்துத் தொங்கினால் போர்டு மொத்தமும் குலுங்கும். போட்டி முடிந்ததும் ஏணி போட்டு ஸ்பானரோடு ஏறி போல்ட்டை முறுக்குவது வாடிக்கை. ஒருமுறை ரிங் பூட்டிய இடத்திலிருந்து அக்ரிலிக் போர்டில் கீறல் ஓடிவிட்டது. அதற்கப்புறம் யார் ரிங்கைத் தொட்டாலும் என் கை விசிலுக்குப் போய்விடும். நான் கொடுத்த டெக்னிக்கல் ஃபவுல்களில் (உடம்பு மோதாத தவறுக்குக் கொடுப்பது) பாதி, போர்டுக்குப் பயந்து கொடுத்தவை. பசங்களுக்குச் செய்த அநியாயம் அது. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா, ரிங்கில் தொங்குவதற்கு வைத்திருக்கும் விதியில் போர்டு உடைவதைப் பற்றிப் பேச்சே இல்லை. டங்க் அடித்துவிட்டு ஒரு கணம் ரிங்கைப் பிடிக்கலாம். தனக்கோ இன்னொருவருக்கோ அடிபடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறான் என ரெஃப்ரிக்குப் பட்டால் அப்போதும் தப்பில்லை. மற்றபடி தன் உடல் எடையை ரிங் தாங்கும்படி தொங்கினால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ. அவ்வளவுதான்.

புது ரிங் வந்தபிறகு டங்க் அடித்த உடனே என் கண் தரைக்குப் போகிறது. கீழே யாராவது விழுந்து கிடக்கிறானா, தொங்குகிறவன் கால் வைக்க இடம் இருக்கிறதா, இதுதான் முதல் கேள்வி. மார்ச்சில் ஒரு அரையிறுதியில் எங்கள் பையன் டங்க் அடித்தபோது தடுக்க வந்தவன் வழுக்கி நேர் கீழே மல்லாந்துவிட்டான். இவன் மூன்று விநாடி இருக்கும், தொங்கிக்கொண்டே காலை அகட்டி, அவன் உருண்டு விலகியதும் இறங்கினான். நான் ஊதவில்லை. எதிரணி கோச் கத்தினார். அவரிடம் சொன்னேன்: “அண்ணே, விழுந்தது உங்க பையன். இவன் கையை விட்டிருந்தா அவன் நெஞ்சுலதான் இறங்கியிருப்பான்.” அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதே வாரம் இன்னொருவன் தனியாக ஓடிப்போய் அடித்தான். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. அடித்துவிட்டு உடம்பை மேலே இழுத்து, முழங்காலை மடக்கி ஒரு ஆட்டு ஆட்டினான். கையால் டெக்னிக்கலுக்கான ‘டி’ காட்டினேன்.

“சார், இதுதான் மடங்குற ரிங்காச்சே, உடையாதுல்ல?”

“ரிங் உடையுமான்னு விதி கேக்கலை தம்பி. உன் வெயிட்டை அது ஏன் தாங்கணும்னுதான் கேக்குது.”

ரிங் மடங்குவதால் தொங்கலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வாங்குகிற கிளப்புகள் முதல் நாளே பசங்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்த ரிங் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஆர்தர் எராட் என்பவர், கல்லூரி அணியில் உதவி கோச்சாக இருந்த உறவுக்காரப் பையன் கேட்டதற்காக, ஜான் டியர் உழவுக் கருவியின் ஸ்பிரிங்கை வைத்து இதைச் செய்தார். 1982இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1979இல், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டேரில் டாக்கின்ஸ் டங்க் அடித்தே ஒரு மாதத்துக்குள் இரண்டு கண்ணாடி போர்டுகளை நொறுக்கியிருந்தார்.

சரி, குறைக்கு வருகிறேன். ஃபிபா கணக்குப்படி ரிங்கின் முன்முனையில் 82 கிலோ ஏறும்வரை அது மடங்கக் கூடாது. 105 கிலோவுக்குள் மடங்கியாக வேண்டும். மடங்கினால் 10 முதல் 30 டிகிரி. கையை விட்டதும் தானாக உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கடைக்காரர் அனுப்பிய ஆள் மாட்டிவிட்டு “எல்லாம் செட் பண்ணியாச்சு” என்று போய்விட்டார். நாங்கள் ஜிம்மிலிருந்து 20 கிலோ தட்டுகளை வாங்கிவந்து கட்டிப் பார்த்தோம். தெற்கு ரிங் நான்கு தட்டுக்கு அசையவில்லை, ஐந்தாவதுக்கு மடங்கியது. வடக்கு ரிங் மூன்றாவது தட்டிலேயே தலை சாய்ந்தது! இரண்டு முறை போன் செய்தும் யாரும் வரவில்லை. நாங்களே மூடியைக் கழற்றி நட்டை இறுக்கிச் சரிசெய்தோம். இளகிய ரிங்கில் லேசாகத் தொட்டவன்கூடத் தொங்கியவன் மாதிரித் தெரிவான். ரெஃப்ரிக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் எடை கட்டிப் பாருங்கள்.

நெட் மாட்டும் இடத்தில் விரல் நுழையும் சந்து இருக்கக் கூடாது. 8 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் வாங்காதீர்கள். எங்களுடையதில் அது நன்றாகவே இருக்கிறது, ஒரு பையனுக்கும் விரல் கிழியவில்லை. போர்டில் புதுக் கீறலும் இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைத்தது மாட்டிக்கொடுத்த லட்சணத்துக்காக. ஐப்பசி மழைக்கு முன்னால் ஸ்பிரிங் மூடியைத் திறந்து கிரீஸ் வைத்தோம். வடக்கு ரிங்கில் லேசாகத் துரு பிடித்திருந்தது, தேய்த்து எடுத்தாயிற்று. பொங்கல் போட்டிக்கு முன்னால் மறுபடியும் தட்டு கட்டிப் பார்க்க வேண்டும்.