சின்ன ஆபீசுக்கு எந்த கோம்ப் பைண்டிங் மெஷின்?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "500 தாள் பைண்டிங்" என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கோம்ப் என்பது துளை போட்ட தாள்களைக் கோக்கும், சீப்பு மாதிரி பல் வைத்த பிளாஸ்டிக் வளையம். எவ்வளவு தடிமனான கோம்பை அந்த மெஷின் விரித்துப் பிடிக்கும் என்பதற்கான கணக்கு அது. 500 தாளுக்கு 51 மி.மீ. கோம்ப் வேண்டும். சின்ன ஆபீசில் அப்படியொரு புத்தகம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வந்தாலும் இரண்டு பாகமாகப் பிரித்துப் போடுவதே நல்லது. நாம் பார்க்க வேண்டிய எண் சின்ன எழுத்தில் இருக்கும்: ஒரு தடவை அழுத்தினால் எத்தனை தாளில் துளை விழும்?

எங்களுடையது ஆடிட்டர் ஆபீஸ். வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தான் அதிகம் போகும். 60 தாள், மூன்று காப்பி. முதலில் வாங்கியது வலது ஓரத்தில் ஒற்றைக் கைப்பிடி வைத்த குட்டி மெஷின். 12 தாள் என்று போட்டிருந்தது. நாங்கள் வாங்கும் 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) தாளில் எட்டுக்கு மேல் வைத்தால் கை இறங்காது. எட்டு எட்டாகப் போட்டால் ஒரு காப்பிக்கு எட்டுத் தடவை, மூன்று காப்பிக்கு 24 தடவை. அட்டைகளுக்குத் தனி. இப்போது இருப்பது 20 தாள் மெஷின். அதில் நிதானமாக 15 வைக்கிறோம். 12 தடவையில் மூன்று காப்பியும் முடிந்துவிடுகிறது.

தாள் எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் பட்ட வித்தியாசம் கைப்பிடிதான். ஓரத்தில் கைப்பிடி இருந்தால் பலம் முழுக்க அந்தப் பக்கமே இறங்கும், மெஷின் மேஜையில் ஆடும், எதிர்ப்பக்கத் துளைகள் சரியாக வெட்டுப்படாது. எங்கள் பழைய மெஷினில் கடைசி இரண்டு துளைகளில் காகிதத் துண்டு கீழே விழாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். பைண்டிங் போடும் தம்பி ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளி எடுப்பான். அகலம் முழுக்க வளைந்து வரும் கைப்பிடியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்தலாம்.

அடுத்தது, தாள் வைக்கும் விதம். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. அதில் 21 துளை. ஒவ்வொன்றும் சுமார் 8 மி.மீ. நீளம், ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 14.3 மி.மீ. கூட்டிப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. சொச்சம்தான். தாள் இரண்டு மி.மீ. நகர்ந்தாலே ஓரத் துளை விளிம்பைத் தாண்டிக் கிழித்துவிடும். அதனால் ஓரத்தடுப்பு ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்து வாங்குங்கள். தாளைப் படுக்க வைத்துச் செருகும் மெஷினை விட, நிற்க வைத்துச் செருகும் மெஷினில் தாள்கள் தாமாகவே கீழே அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். ஃபெலோஸ் பல்ஸார் ப்ளஸ் 300 இந்த ரகம்: 20 தாள் துளை, 38 மி.மீ. கோம்ப் வரை.

இதற்கும் மேலே கனமான இரும்பு மெஷின் இருக்கிறது. 25 தாள் வரை துளை போடும். துளைக்கு ஒரு கைப்பிடி, கோம்பை விரிக்க இன்னொன்று என்று வரும். துளை போடும் ஊசிகளில் வேண்டாதவற்றைத் தனித்தனியாக இழுத்து நிறுத்தலாம். ஒருவர் துளை போட, இன்னொருவர் கோம்பில் கோக்கலாம். தினமும் பத்துப் பன்னிரண்டு புத்தகம் போடுகிறவர்களுக்கும், ஏ5, லீகல் என்று பல அளவு கையாளுகிறவர்களுக்கும் இதுவே சரி. வாரத்துக்கு நாலைந்து ரிப்போர்ட் போடும் எங்களுக்கு அந்த இரும்பு வேண்டியதில்லை.

"ஸ்பைரல் போட்டுவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பையில் திணித்து, பின்பக்கம் மடித்துப் படிக்கிற மாணவர் நோட்டுக்கு ஸ்பைரல்தான் நல்லது. கோம்ப் முழுக்கப் பின்னால் மடங்காது, நசுங்கினால் பல் உடையும். ஆனால் வங்கி மேனேஜர் 34ஆம் பக்கத்தில் ஒரு தொகையை மாற்றச் சொன்னால், கோம்பை மறுபடி மெஷினில் மாட்டி விரித்து, அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி இரண்டே நிமிடத்தில் மூடிவிடலாம். ஸ்பைரலில் முனையை நிமிர்த்திச் சுருளைச் சுழற்றிக் கழற்ற வேண்டும். இரட்டைக் கம்பி வளையம் போடும் வயரோவில் கம்பியே புதிதாக வேண்டும். கடைசி நேரத் திருத்தம் இல்லாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

60 தாளுக்கு 10 மி.மீ. கோம்ப் போதும் என்பார்கள். நான் 12 வாங்குகிறேன். அட்டையும் சேர்ந்தபின் பக்கம் இறுக்கமில்லாமல் திரும்பும். வெட்டுப்பட்ட காகிதத் துண்டுகள் விழும் தட்டை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், நிறைந்தால் ஊசி மேலே வராமல் சிக்கும். அசல் பத்திரத்தை மட்டும் எந்த மெஷினிலும் வைக்காதீர்கள், ஜெராக்ஸ்தான்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஆபீஸ் தாளிலேயே 15ஐயும், முன்னட்டைக்குப் போடும் ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றையும் எடுத்துப் போங்கள். தாளை ஒரு தடவை, ஷீட்டைத் தனியாக ஒரு தடவை அழுத்திவிட்டு, முதல் துளையையும் 21ஆவது துளையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் பில் போடச் சொல்லலாம்.