ரயிலா, குதிரை வண்டியா?

இரண்டு வீடியோ கேம்களில் எதன் தொடக்கக் காட்சி சிறந்தது? 1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 நட்சத்திரங்களில் தொடங்கும். அப்புறம் பச்சை ஒளியில் ஒரு பெண்ணின் முகம். அவள் பூக்கூடையோடு தெருவுக்கு வர, கேமரா மேலே மேலே போய் மிட்கார் நகரம் முழுவதையும் காட்டிவிட்டு, ரயில் நிலையத்தில் வந்து இறங்கும். நாயகன் கிளவுட் ரயிலிலிருந்து குதித்ததுமே ஆட்டம் நம் கையில்.

2011-ன் ஸ்கைரிம் அவசரப்படாது. கை கட்டிய கைதியாகக் குதிரை வண்டியில் உட்கார்ந்து சக கைதிகளின் பேச்சைக் கேட்க வேண்டியதுதான். தலையை மட்டும் திருப்பலாம். கழுத்தில் கோடரி விழப்போகும் நேரத்தில் டிராகன் வந்து காப்பாற்றும் (அதற்கு அந்த எண்ணமே இல்லை!). முதல் தடவை பிரமாதம். புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அதே வண்டி என்றால் கொட்டாவிதான். என் ஓட்டு ரயிலுக்கு.