ஹோ ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போய் 1,840 டாலர் ஏமாந்த கதை: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

1,840 டாலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் படிப்பதை நிறுத்துபவர்கள் மனத்திலும் அதுவாவது நிற்கட்டும். நேற்று முன்தினம் இரவுதான், ஹோ ஆற்றுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்க்ஸிலிருந்து நானும் மாமனாரும் வீடு திரும்பினோம். தூண்டில் பை இன்னும் கார் டிக்கியில் கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஹோ ஆறு ஓடும் ஒலிம்பிக் தேசியப் பூங்கா பக்கம் ஃப்ளை ஃபிஷிங் (செயற்கைப் பூச்சி கட்டித் தூண்டில் போடுவது) போகத் திட்டமிடுபவர்கள் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் வேலை. மூன்று வருடங்களாக யாக்கிமா ஆற்றில் ட்ரவுட் மீன் பிடித்துப் பழகியிருக்கிறேன். மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். தாமிரபரணியில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவர். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைக்கும் வித்தையைக் காட்டியதும், "மீன் அவ்வளவு முட்டாளா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கடலுக்குப் போய் வளர்ந்து, குளிர்காலத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது.

வழிகாட்டி, படகு, ஆற்றங்கரை மரவீடு மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளத்தில், என்னை ஏமாற்றிய அந்த வழிகாட்டி கிடைத்தான். நல்ல படங்கள், நல்ல மதிப்புரைகள். நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். ஹோ ஆறு ஒலிம்பஸ் மலைப் பனிப்பாறைகளிலிருந்து வருவதால் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கும், மழை பெய்தால் ஒரே இரவில் பொங்கிவிடும், அதனால் நீர்மட்டத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பேசினான். அதுகூட என்னைச் சாய்க்கவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி என்று நான் சொன்னபோது ஒரு நொடி நிறுத்தி, "அப்படியானால் அவர் ஆற்றில் இறங்கவே வேண்டாம். படகில் நாற்காலி போடுகிறேன், உட்கார்ந்தபடியே வீசட்டும்" என்றான். மாமாவின் செருப்பு அளவைக்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அங்கேதான் விழுந்தேன். பெற்ற பிள்ளைக்குத் தோன்றாதது இவனுக்குத் தோன்றுகிறதே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

இரண்டு நாள் வழிகாட்டலுக்கு 1,100, மூன்று இரவு மரவீட்டுக்கு 550, "பூங்கா மீன்பிடி உரிமம்" ஆளுக்கு 95 வீதம் 190. மொத்தம் 1,840 டாலர். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிக்கிறார்கள், நேராகக் கைபேசிச் செயலியில் அனுப்பினால் மாமாவுக்கு ரெயின்கோட் இலவசம் என்றான். அனுப்பிவிட்டேன். ரெயின்கோட்டுக்காக!

கிங்ஸ்டன் படகுத்துறை வழியாக 101-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, இருட்டிய பிறகு ஃபோர்க்ஸ் சேர்ந்தோம். அவன் கொடுத்த முகவரியில் மரவீடு இல்லை; அறுத்த கட்டைகளை மலைபோல் அடுக்கிய முற்றம், பூட்டிய இரும்புக் கதவு, அதன்மேல் மழை. அன்று இரவு ஒரு மோட்டலில் தங்கினோம். காலை ஐந்து மணிக்குச் சந்திப்பதாகச் சொன்ன பெட்ரோல் பங்க்கில், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏழரை வரை நின்றேன். படகை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் போனது. ஒவ்வொன்றையும் பார்த்து மாமா கதவைத் திறந்து இறங்குவார். அது போனதும் மறுபடி ஏறி உட்காருவார். முழங்கால் வலிக்காரர். அதைத்தான் மறக்க முடியவில்லை.

பிறகு தொடங்கியது மழுப்பல். முதலில் "ஆறு பொங்கிவிட்டது, அதனால் வரவில்லை" என்று ஒரு செய்தி. ஆற்றின் நீரளவை அரசு தளத்திலேயே பார்க்கலாம் ஐயா, பார்த்தேன், ஒன்றும் பொங்கவில்லை. அடுத்து "மே மாதம் வாருங்கள், அதே பணத்தில் அழைத்துப் போகிறேன்." குளிர்கால ஸ்டீல்ஹெட் பருவம் முடிந்த பிறகு மே மாதத்தில் எதைப் பிடிப்பது? அதன்பின் எண் அணைந்துவிட்டது. இணையதளத்துக்கு எழுதினால், நீங்கள் எங்கள் வழியாகப் பணம் கட்டவில்லை, நாங்கள் அறிமுகம் செய்பவர்கள் மட்டும்தான் என்று இரண்டு வரி. மீண்டும் எழுதினேன், எழுத்துப் பிசகாமல் அதே இரண்டு வரி. பணம் அனுப்பிய செயலியோ, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியது, திரும்பப் பெற முடியாது என்கிறது. 1,840 டாலருக்கு யாருமே பொறுப்பில்லை.

மோட்டலில் உட்கார்ந்து விதிகளைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. பூங்கா எல்லைக்குள் ஆற்றில் மீன்பிடிக்க உரிமமே வேண்டாம்! கடற்கரையில் நின்று வீசினால்தான் மாநில உரிமம் வேண்டும். ஸ்டீல்ஹெட், சால்மன் தேடுபவர்கள் பிடித்த மீனைக் குறித்துவைக்கும் மாநிலத்தின் பதிவு அட்டை வைத்திருந்தால் போதும். பூங்காவுக்கு வெளியே மாநில உரிமம் வேண்டும்தான், அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, அந்த 190 டாலர் இல்லாத ஒன்றுக்கு வாங்கிய பணம்.

அதைவிட மோசம் நாற்காலி. ஸ்டீல்ஹெட் வரத்து குறைந்துபோனதால் 2020 டிசம்பரில் மாநில மீன்வளத் துறை இந்தக் கரையோர ஆறுகளில் படகில் இருந்தபடி மீன்பிடிக்கவே தடை போட்டது. இயற்கை இரையும் கூடாது என்றது. அதற்குப் பிறகு விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. 2022-இல் மார்ச் 1 அன்றே ஆறுகளை மூடிவிட்டார்கள். அவன் அழைத்துப் போவதாகச் சொன்ன ஹோ ஆற்றின் மேல்பகுதியில், படகு இடத்துக்கு இடம் போக மட்டும்தான். வீச வேண்டுமானால் இறங்கி நிற்க வேண்டும். என்னை உருகவைத்த அந்தப் பரிவே விதிமீறல். தொழில் தெரிந்த எந்த வழிகாட்டியும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டான். பிடித்ததில் ஒன்றை மாமாவுக்கு வறுத்தும் தருகிறேன் என்றான். பண்ணையில் வளர்க்காமல் இயற்கையில் பிறந்த ஸ்டீல்ஹெட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியும்! அப்போதும் காது கேட்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. வழிகாட்டியின் மாநில உரிம எண்ணைக் கேளுங்கள். பூங்காவுக்குள் தொழில் செய்யப் பூங்காவின் அனுமதியும் வேண்டும். அதைப் பூங்கா அலுவலகத்துக்கே பேசி உறுதி செய்யுங்கள். கடன் அட்டை தவிர வேறெதிலும் கட்டாதீர்கள். அந்த வாரத்து விதிகளை நீங்களே படியுங்கள். அதே பக்கத்துக் குயினால்ட் ஆறு, குயினால்ட் ஏரிக்குக் கீழே ஓடுவது பழங்குடியினரின் நிலத்தில், அங்கே அவர்கள் அனுமதித்த வழிகாட்டியோடுதான் போக முடியும். வேறு யாராவது அழைத்துப் போகிறேன் என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள். இவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். எண் கொடுத்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எவ்வளவு போயிற்று என்று மாமா கேட்டார். 400 டாலர் என்று சொல்லிவைத்தேன். அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து, வழியில் வரும் போர்ட் ஏஞ்சலஸ் ஊர் வரை பேசவே இல்லை. இன்று காலை காபி குடிக்கும்போது, "அந்த 400 வந்ததா மாப்பிள்ளை?" என்றார். பாதி வந்துவிட்டது என்றேன்.