ஆண்கள் ஸ்ப்ரேயா, பெண்கள் ரோல்-ஒன்னா? ஹட்டன் குளிரில் நான் எடுத்த முடிவு

போன வருடம் மே மாதக் கடைசியில், மழை பிடித்த கையோடு, பல வருடமாக உடம்பில் அடித்துப் பாவித்த ஆண்கள் பொடி ஸ்ப்ரேயை நிறுத்தினேன். அதற்குப் பதிலாகப் பெண்களுக்கென்று விற்கும், அக்குளில் உருட்டித் தடவும் வாசனை குறைந்த ரோல்-ஒன் ஒன்றை எடுத்தேன். கடையில் நின்ற பிள்ளை, "சேர், அது லேடீஸ் போடுறது" என்று நல்ல மனதோடுதான் சொன்னது. "தெரியும் தங்கச்சி, அதையே குடுங்க" என்று வாங்கி வந்தேன். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. இடையில் சீனக்காரத்தையும் (படிகாரம்) பாவித்துப் பார்த்தேன்.

இந்தக் குளிருக்கு எங்கே வியர்க்கப்போகிறது என்று கேட்பவர்கள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துப் படிக்கட்டு ஏறி ரோட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வெளியே நடுக்கம், சுவெட்டருக்குள்ளே ஈரம். அந்த ஈரத்தோடு ஷட்டர் மூடிய பஸ்ஸில் கொட்டகலை தாண்டித் தலவாக்கலை வரை நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வியர்வைக்கு அப்படியொன்றும் மணம் இல்லை. அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பியின் வியர்வையைத் தோலில் வாழும் பக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது.

ஸ்ப்ரே வேலை செய்யும் விதம் எளிது. நான் வைத்திருந்தது போன்ற பொடி ஸ்ப்ரேக்களில் அற்ககோலும் வாசனையும் காஸும்தான் முக்கியம். அற்ககோல் பக்டீரியாவைக் கொஞ்ச நேரம் அடக்கும், வாசனை மேலே மூடும். வியர்ப்பதை அது நிறுத்தாது. ரோல்-ஒன்களில் பெரும்பாலும் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வை வரும் துவாரத்தைத் தற்காலிகமாக அடைக்கிறது, அதனால் ஈரமே குறைகிறது. விலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 150 மில்லி ஸ்ப்ரே எனக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வந்தது, 50 மில்லி ரோல்-ஒன் இரண்டரை மாதம் வந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது விலை அல்ல, சுவெட்டர். சட்டையைத் தினமும் மாற்றலாம். சுவெட்டரை யார் தினமும் துவைக்கிறார்கள்? ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் கம்பளி ஒன்றைத் துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் விலா ஓரம் ஈரமாகவே இருக்கும். கடைசியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்கிறோம். விறகுப் புகையும் அதில் ஏறிவிடும். அப்படிப்பட்ட சுவெட்டரில் திங்கட்கிழமை அடித்த ஸ்ப்ரேயின் மேல் செவ்வாய்க்கிழமை ஸ்ப்ரே, அதன் மேல் புதன்கிழமை. வியர்வையும் நிற்கவில்லை, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஊறுகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவெட்டரைக் கழற்றும்போது வந்தது வாசனையும் இல்லை, வெறும் வியர்வை நாற்றமும் இல்லை. இரண்டும் கலந்து புளித்த ஒன்று. ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, வளைவில் வாந்தி வருகிறது என்று ஜன்னல் பக்கம் மாறிப் போனார். எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. வாசனை கூடக் கூட நல்லது என்று நான் நினைத்திருந்தது அன்றோடு போய்விட்டது.

ரோல்-ஒன்னில் இந்த ஊறல் இல்லை. ஈரம் குறைவு, வாசனையும் மெல்லியது. அதே சுவெட்டர் இப்போது பத்து நாள் தாங்குகிறது.

அப்படியென்றால் ஆண்களுக்கான ரோல்-ஒன்னே வாங்கலாமே? வாங்கலாம். நான் எடுத்துப் பார்த்த இரண்டிலும் மருந்து அதுவேதான், அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்ற அலுமினிய உப்பு. ஆனால் இரண்டிலும் கடும் மஸ்க் வாசனை, அதாவது மறுபடியும் சுவெட்டர் பிரச்சினை. எங்கள் கடையில் வாசனை குறைந்தது பெண்கள் தட்டில்தான் இருந்தது.

வாசனைக்கு ஆண், பெண் என்று பெயர் வைத்தது வியாபாரம்தான். ஓல்ட் ஸ்பைஸ் 1937இல் முதலில் பெண்களுக்கென்றுதான் வந்தது, ஆண்களுக்கு அடுத்த வருடம். லவெண்டர் பெண்கள் வாசனை என்கிறோம். ஆனால் 1882இல் வந்த ஃபூஜேர் ரோயல் என்ற வாசனைத் திரவியத்திலிருந்து இன்றுவரை ஆண்கள் வாசனைகளில் ஒரு பெரிய வகையே லவெண்டரையும் கூமரின் என்ற வாசனைப் பொருளையும் வைத்துத்தான் கட்டப்படுகிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் கல்யாண வீட்டு வாசலில் செம்பிலிருந்து தெளிக்கிறார்களே பன்னீர், அது ரோஜா. எந்த மாமாவாவது, எந்தச் சித்தப்பாவாவது அது பொம்பளை வாசனை என்று விலகிப் போனதை நான் கண்டதில்லை. கோயிலில் சந்தனம் எல்லார் நெற்றிக்கும் ஒன்றுதான்.

ரோல்-ஒன்னிலும் குறை உண்டு. விடியற்காலையில் தோலில் பட்டால் சில்லென்று உடம்பு சிலிர்க்கும், காயவும் நேரம் எடுக்கும். காயாமல் சட்டை போட்டால், நாளடைவில் வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் கறை படியும். என் இரண்டு சட்டை அப்படிக் கெட்டது. அப்புறம்தான் இரவில் போடப் பழகினேன். படுக்கப் போகும்போது வியர்வை குறைவு, தோலும் காய்ந்திருக்கும், அதனால் உப்பு நன்றாகப் பிடிக்கும். காலையில் கழுவினாலும் அதன் வேலை பெரும்பாலும் தொடரும். கறையும் குறைந்தது, காலைச் சில்லிப்பும் இல்லை.

சலூன்களில் சவரத்துக்குப் பின் தடவும் சீனக்காரம் மிக மலிவு. ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும், வாசனையே இல்லை. நனைத்துத் தேய்த்தால் போதும். அதுவும் ஒரு அலுமினிய உப்புத்தான், ஆகவே அலுமினியம் வேண்டாம் என்று இதற்கு மாறுவதில் அர்த்தமில்லை. வீட்டில் இருக்கும் நாளுக்கு எனக்குப் போதுமாக இருந்தது. பஸ் நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குமேல் தாங்கவில்லை. நான் பாவித்தது மூன்று வாரம்தான், இன்னும் பழகினால் வேறு மாதிரி இருக்கக்கூடும்.

இதெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவு மழையில் கண்டது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் அதே ஜூலையில் வெயிலும் காற்றும் அடிக்கும், சுவெட்டர் ஒரே நாளில் காய்ந்துவிடும். அங்கே ஸ்ப்ரே இந்த அளவு தொல்லை தராது என்றுதான் நினைக்கிறேன். கொழும்பில் கடையில் நிற்கும் என் தம்பிக்குச் சுவெட்டரே தேவையில்லை, மிச்சமிருந்த ஸ்ப்ரேயை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.